சிற்றாற்று வரப்பில் நத்தை தின்னும் ஈ

ஆனி பிறந்து தென்மேற்குக் காற்று மலையைத் தாண்டிவிட்டால் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிடும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று எங்கு பார்த்தாலும் கூட்டம். குளித்தவர்கள் தலையைத் துவட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். தண்ணீருக்கோ அதன் பிறகுதான் வேலை. பேரருவியில் விழுந்த தண்ணீர் சிற்றாறாகித் தென்காசியைக் கடக்கிறது. வழியில் அணைக்கட்டுகள் அதைத் தடுத்துக் கால்வாய்களில் திருப்புகின்றன. கால்வாயிலிருந்து குளம், குளத்திலிருந்து மடை, மடையிலிருந்து வயல் என்று இறங்கிப் போய், மிச்சம் இருப்பது சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது.

தண்ணீர் போகும் இடமெல்லாம் நத்தையும் போகிறது. கார் நடவு முடிந்த சில நாட்களில் இலஞ்சி, மேலகரம், ஆய்க்குடி, பண்பொழி வயல்களில் வரப்பு ஓரமாகக் குனிந்து பார்த்தால் தெரியும். விரல் நகம் அளவில் பழுப்பு நத்தைகள் தண்ணீரின் மேல் மட்டத்தில் தலைகீழாக ஊர்ந்துகொண்டிருக்கும்.

இந்தப் பருவத்தில் விவசாயிகளிடமிருந்து வரும் கேள்வி ஒன்று உண்டு. “நத்தையைத் தின்கிற ஈ ஒன்று இருக்கிறதாமே, அது எங்கே விலைக்குக் கிடைக்கும்? ஏக்கருக்கு எத்தனை விட வேண்டும்?” தண்டுத் துளைப்பானுக்கு டிரைக்கோகிரம்மா அட்டை வாங்கிக் கட்டிப் பழகியவர்களுக்கு இப்படிக் கேட்கத் தோன்றுவது இயல்புதான். பதில் சுருக்கமானது. அந்த ஈ விலைக்கு இல்லை. அதைத் தேட வேண்டிய இடம் அவரவர் வரப்புதான். அதை அடையாளம் காணவும், கண்டபின் அழிக்காமல் இருக்கவும் தெரிந்தால் போதும்.

முதலில் நத்தையைப் பிரித்துப் பார்க்க வேண்டும்

எல்லா நத்தையும் ஒன்றல்ல. தென்காசி வட்டாரத்து வயலிலும் குளத்திலும் மூன்று வகைகளைப் பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் வகை, உருண்டையான பெரிய வயல் நத்தை. பைலா என்பார்கள். தொட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டு, கதவைச் சாத்துவது போல ஒரு கெட்டியான மூடியால் வாயை அடைத்துக்கொள்ளும். மக்கள் சமைத்துச் சாப்பிடுவது இதைத்தான்.

இரண்டாவது, லிம்னியா. மெல்லிய கூடு, நகத்தால் அழுத்தினால் நொறுங்கிவிடும். நுனி கூராக இருக்கும். கூர் நுனியை மேலே வைத்து, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால் திறப்பு வலது பக்கம் இருக்கும். இதற்கு மூடி கிடையாது.

மூன்றாவது, கிடாக் கொம்பைச் சுருட்டித் தட்டையாக வைத்தது போன்றது. இதன் பெயர் இண்டோபிளனார்பிஸ். இதற்கும் மூடி இல்லை. ஓடாத தண்ணீரும் அழுகிய இலைதழையும் இருக்கும் குட்டையில் இது மிகுதி.

லிம்னியாவும் இண்டோபிளனார்பிஸும் காற்றைச் சுவாசிப்பவை. அதனால்தான் அடிக்கடி தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வருகின்றன. நம் ஈயின் புழு வேட்டையாடுவது இந்த மூடியில்லாத, மேலே வரும் நத்தைகளை. மூடியுள்ள வயல் நத்தை பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். ஆகவே நத்தை தின்னும் ஈ பெருகினால் சமைக்கும் நத்தை அற்றுப்போகுமோ என்ற கவலை வேண்டாம்.

சிறிய நத்தை, பெரிய நஷ்டம்

இந்தச் சிறு நத்தைகள் நெல்லுக்குச் செய்யும் கேடு குறைவு. மாட்டுக்கும் ஆட்டுக்கும் செய்யும் கேடுதான் அதிகம்.

லிம்னியா நத்தை, ஈரல் தட்டைப்புழுவின் இடைவீடு. நோயுள்ள மாட்டின் சாணத்தில் முட்டைகள் வெளியேறும். சாணம் வாய்க்காலில் கலந்தால் முட்டை பொரித்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப்புழு நீந்திப் போய் நத்தைக்குள் நுழைகிறது. ஒரே குஞ்சுப்புழு நத்தையின் உடம்புக்குள் நூற்றுக்கணக்காகப் பெருகும். பிறகு வெளியே வந்து, தண்ணீர் ஓரப் புல்லில் சிறு கூடுகளாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் புல்லை மேயும் மாட்டின் ஈரலில் புழு குடியேறுகிறது. மாடு மெலியும், கழியும், இரத்தம் குறையும், பால் வற்றும். நாள்பட்டால் தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை போலத் தொங்கும். மாடு என்ன தின்றாலும் தேறவில்லையே என்று தீவனத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கோளாறு தீவனத்தில் இல்லை, மேய்ந்த இடத்தில் இருக்கிறது.

தட்டை நத்தையான இண்டோபிளனார்பிஸ் வேறொரு புழுவைச் சுமக்கிறது. மாட்டின் மூக்குக்குள் காலிஃபிளவர் போலச் சதை வளர்ந்து, சளி ஒழுகி, மூச்சு விடும்போது குறட்டைச் சத்தம் கேட்குமே, அந்த நோய்க்குக் காரணமான இரத்தப் புழு அது. இதற்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. சென்னையில் கால்நடை நோய்களை ஆராய்ந்த எம்.ஆனந்த நாராயண ராவ் 1933-ல் இந்தப் புழுவைத் தனி இனமாக விவரித்தார். இன்றும் உலகம் முழுவதும் அதன் அறிவியல் பெயருக்குப் பின்னால் ‘ராவ், 1933’ என்றே எழுதுகிறார்கள்.

இந்த நத்தையிலிருந்து வெளிவரும் குஞ்சுப்புழுக்கள் மனிதத் தோலிலும் துளைத்துப் பார்க்கும். மனித உடம்பில் அவை வளர்வதில்லை. ஆனால் நடவுக்கும் களையெடுப்புக்கும் இறங்கும் பெண்களுக்குக் காலிலும் கையிலும் சொறியும் தடிப்பும் வரலாம். ‘தண்ணி சேரல’ என்று சொல்லும் அரிப்பில் ஒரு பங்கு இதனால் வருவது.

ஈயின் கதை

நத்தையைக் கொல்லும் ஈக்கள் தனிக் குடும்பம். அறிவியல் பெயர் சியோமைசிடே. உலகில் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பூச்சியியலாளர் கிளிஃபோர்ட் பெர்க் 1950-ல் அலாஸ்காவின் சதுப்பு நிலங்களில் இந்த ஈயின் புழுக்கள் நத்தையை உண்டு வளர்வதைக் கண்டார். 1953-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அதன் பிறகுதான் இந்த ஈக்களை உலகம் கவனிக்கத் தொடங்கியது.

ஹவாய்த் தீவுகளில் மாடுகளுக்கு ஈரல் புழுத் தொல்லை இருந்தது. அங்கே லிம்னியா வகை நத்தையைக் கட்டுப்படுத்த, மத்திய அமெரிக்காவின் நிகரகுவாவிலிருந்து இந்தக் குடும்பத்து ஈ ஒன்றை 1958-ல் கொண்டுவந்து விட்டார்கள். அது அங்கே நிலைத்துவிட்டது. நமக்கு அப்படி எங்கிருந்தும் கொண்டுவரத் தேவையில்லை. செபெடான் என்ற பேரினத்து ஈக்கள் இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் நெல் வயல்களிலேயே வாழ்பவை.

அருவியில் தேட வேண்டாம்

குற்றாலம் என்றதும் அருவிக்கரையில் தேடத் தோன்றும். அங்கே கிடைக்காது. பாறையில் மோதி ஓடும் தண்ணீரில் லிம்னியாவும் தட்டை நத்தையும் தங்குவதில்லை. நத்தை இல்லாத இடத்தில் ஈக்கு வேலை இல்லை. செண்பகாதேவி, தேனருவிப் பக்கம் வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள காடு. அங்கே அனுமதியின்றிப் போவதும் பூச்சி பிடிப்பதும் கூடாது.

தேட வேண்டியது, தண்ணீர் மெதுவாகி நிற்கும் இடங்களில்.

ஒன்று, வாய்க்கால் கசிவு. குற்றாலத்திலிருந்து இலஞ்சி, தென்காசி நோக்கி இறங்கும் வழியில் வாய்க்கால் கரை கசிந்து, கோடையிலும் காயாத சதுப்பாக இருக்கும் இடங்கள் உண்டு. வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் கோரையும் மண்டிக் கிடக்கும். ஆண்டு முழுவதும் ஈரம் இருப்பதால் கோடையில் ஈ ஒதுங்குவது இத்தகைய இடங்களில்தான்.

இரண்டு, குளத்தின் ஓரம். கரைப் பக்கம் ஆழமாக இருக்கும், அங்கே வேண்டாம். தண்ணீர் வந்து சேரும் மேல்பக்கத்தில் கணுக்கால் அளவே தண்ணீரும் சம்பும் புல்லும் இருக்கும். அங்கே பார்க்க வேண்டும். மறுகால் பாயும் இடத்துக்குக் கீழே தேங்கும் குட்டைகளும் நல்ல இடம்.

மூன்று, நெல் வயலின் வரப்பு. செங்கோட்டைப் பக்கம் குண்டாறு, மேக்கரையில் அடவிநயினார், கடையநல்லூர் அருகே கருப்பாநதி, கடையம் பக்கம் ராமநதி, கடனாநதி என்று இந்த மாவட்டத்து அணைகளின் கீழ் நெல் விளையும் ஊர்களில் எல்லாம் இது பொருந்தும். மடை வாயிலும், வயலின் தாழ்ந்த மூலையிலும் நத்தை கூடும். அந்த மூலையை ஒட்டிய வரப்புப் புல்லில்தான் ஈ உட்காரும்.

காலமும் முக்கியம். காரில் நட்டு மூன்று வாரம் கழித்துத் தேடலாம். பிசானத்துக்கு வடகிழக்கு மழையில் குளம் பெருகி வயலில் தண்ணீர் நிலைத்து நின்றபின், கார்த்திகை, மார்கழியில் தேடலாம். பங்குனி, சித்திரையில் வயல் காய்ந்து, நத்தை சேற்றுக்குள் புதைந்துவிடும். அப்போது குளத்து ஓரமும் கசிவுச் சதுப்பும் மட்டுமே மிச்சம்.

வரப்பில் உட்கார்ந்தால்தான் தெரியும்

நடந்துகொண்டே பார்த்தால் இந்த ஈ கண்ணில் படாது. காலைப் பனி உலரும் முன், வரப்பில் அசையாமல் கால் மணி நேரம் உட்கார வேண்டும். அந்த வழியாகப் போகிறவர் சும்மா போக மாட்டார்.

“என்ன அண்ணாச்சி, வரப்புல குத்தவச்சு என்னத்தப் பாக்கிய?”

“ஈ பாக்கேன், தம்பி.”

“ஈயா? அது எங்க வீட்டுலயே கூட்டமா கெடக்கே!”

“அது சோத்துல உக்காருத ஈ. இது மாட்டக் காப்பாத்துத ஈ.”

வித்தியாசம் அவ்வளவுதான். வீட்டு ஈ மனிதனைத் தேடி வரும். இந்த ஈ மனிதனையோ சோற்றையோ சாணத்தையோ சீண்டாது. புல்லின் தாளில், பெரும்பாலும் தலை கீழ்நோக்கி இருக்கும்படி, அசையாமல் உட்கார்ந்திருக்கும். கை நீட்டினால் இரண்டு மூன்று முழத்துக்கு அப்பால் இன்னொரு தாளில் போய் அமரும். நீண்ட தூரம் பறக்காது.

செபெடான் ஈயின் அடையாளங்கள் இவை:

• உடல் ஒல்லியாக நீண்டிருக்கும். நீளம் சுமார் 5 முதல் 10 மில்லிமீட்டர். நிறம் ஈயத்தைப் போன்ற நீலக் கருப்பாகவோ, இரும்புத் துருவைப் போன்ற செம்பழுப்பாகவோ இருக்கும்.

• உணர்கொம்பு இரண்டும் தலைக்கு முன்னால் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். வீட்டு ஈக்கு உணர்கொம்பு குட்டையாக முகத்தோடு ஒட்டியிருக்கும். இந்த ஒன்றைப் பார்த்தாலே பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

• பின்னங்கால்கள் மற்றவற்றைவிட நீளம். தொடை தடித்து, அதன் அடியில் சிறு முட்கள் இருக்கும். உட்கார்ந்திருக்கும்போது தத்துக்கிளியின் சாயல் தெரியும்.

• இறக்கைகளை முதுகின் மேல் தட்டையாக மடித்து வைத்திருக்கும்.

கைபேசியில் பக்கவாட்டிலிருந்து ஒரு படமும் மேலிருந்து ஒரு படமும் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் உணர்கொம்பும் தொடையும் தெளிவாகத் தெரியும். பிடித்துப் பார்க்க விரும்பினால் கொசுவலைத் துணியைக் கம்பி வளையத்தில் தைத்து, மூங்கில் குச்சியில் கட்டி, வரப்புப் புல்லின் மேல் இடமும் வலமுமாக வீசினால் போதும். வலைக்குள் சிலந்தியும் தட்டானும் பொறிவண்டும் சேர்ந்து விழும். அவை எல்லாம் நமக்கு வேலை செய்பவை; பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும்.

குழப்பக்கூடியவை சில உண்டு. நெல் குருத்தைச் சேதப்படுத்தும் ஈ மிகச் சிறியது, சாம்பல் நிறம், உணர்கொம்பு நீண்டிருக்காது. பூவின் மேல் ஒரே இடத்தில் நின்று பறக்கும் மஞ்சள் கருப்பு வரி ஈ, அசுவினியைத் தின்னும் புழுவின் தாய். அதுவும் நல்லதுதான், ஆனால் நத்தைக்கு வராது. முதுகில் மூன்று கரும்பட்டை கொண்ட பெரிய சாம்பல் ஈ, இறைச்சி ஈ. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முட்டை, புழு, கூண்டு

ஈயைக் காணாவிட்டாலும் அது வந்துபோன தடயத்தைக் காணலாம். தாய் ஈ தண்ணீருக்குள் முட்டை இடுவதில்லை. தண்ணீருக்கு மேலே நிற்கும் புல், நெல் இலைகளில், வெளிர் நிறமான நீண்ட முட்டைகளை ஒன்றை ஒன்று ஒட்டினாற்போல் வரிசையாக இடுகிறது. பொரித்த புழு தண்ணீருக்கு இறங்கிவிடும்.

புழுவைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். மங்கிய பழுப்பு அல்லது கருமை நிறம். நன்றாக வளர்ந்தது சுமார் ஒரு சென்டிமீட்டர் இருக்கும். அதன் பின்நுனியில் பூவிதழ் போலச் சிறு மடல்களும் தண்ணீர் ஒட்டாத மயிர்களும் உள்ளன. அந்தப் பூவைத் தண்ணீர் மட்டத்தில் விரித்து, அதன் வழியாக மூச்சு விட்டுக்கொண்டு தொங்கும். காற்றைக் குடித்து உடம்பை மிதக்க வைத்துக்கொள்ளவும் அதற்குத் தெரியும். மேலே வரும் நத்தை எட்டிய தூரத்தில் வந்தால் வாய்க் கொக்கியால் பற்றித் தின்னத் தொடங்கும். ஒரு புழு வளர்ந்து முடிவதற்குள் சிறு நத்தைகள் பத்துப் பன்னிரண்டைக்கூடக் கொன்றுவிடும்.

வளர்ந்தபின் உருவாகும் கூண்டுப் பருவம்தான் கண்டுபிடிக்க எளிது. செம்பழுப்பு நிறத்தில், இரு முனையும் சற்றே மேலே வளைந்து, சின்னஞ்சிறு தோணி போலத் தண்ணீரில் மிதக்கும். வயலின் மூலையில் பாசியும் சருகும் காற்றில் ஒதுங்கும் இடத்தில், ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீரோடு அள்ளிப் பார்த்தால் கிடைக்கும். முட்டையிலிருந்து ஈயாக வெளிவர, நம் ஊர் வெப்பத்தில் சுமார் மூன்று, நான்கு வாரம் ஆகும்.

இன்னொரு பயனும் உண்டு. ஜப்பானிய நெல் வயல்களில் டிரைக்கோகிரம்மா குளவிகள் செபெடான் முட்டைகளிலும் வளர்வது பதிவாகியிருக்கிறது. தண்டுத் துளைப்பான் முட்டை கிடைக்காத நாட்களில் அந்தக் குளவிக்கு இது மாற்று வீடு. வரப்புப் புல்லில் இந்த ஈ இருந்தால், காசு கொடுத்துக் கட்டும் அட்டைக்கும் அது துணை.

கொன்றவரா, பிணம் தின்பவரா?

நத்தைக் கூட்டுக்குள் புழு நெளிவதைக் கண்டதும் ‘இதோ நத்தை தின்னும் ஈ’ என்று முடிவுசெய்துவிடக் கூடாது. வெயிலில் செத்த நத்தையிலும், மிதிபட்ட நத்தையிலும் இறைச்சி ஈ புழுவையும், கூன் முதுகுச் சிறு ஈ முட்டையையும் இட்டுவிடும். அவை துப்புரவாளர்கள், கொன்றவர்கள் அல்ல.

சோதித்துப் பார்ப்பது எளிது. அகன்ற வாய்ப் பாட்டிலில் அரை அங்குலம் வாய்க்கால் தண்ணீர் ஊற்றி, மூன்று நான்கு சிறிய உயிருள்ள லிம்னியா நத்தைகளை விட்டு, ஒரு புல் துண்டையும் போட்டு, சந்தேகப்பட்ட புழுவை விட வேண்டும். வாயை வலைத்துணியால் கட்டி நிழலில் வைத்தால் ஓரிரு நாளில் தெரிந்துவிடும். உயிருள்ள நத்தையைப் பிடித்துத் தின்றால் அது வேட்டைப்புழு. நத்தைகள் உலவிக்கொண்டிருக்க, புழு பட்டினியாகக் கிடந்தால் அது பிணம் தின்னி. நத்தையையும் அந்தத் தண்ணீரையும் வெறுங்கையால் தொடாமல் கரண்டியோ கையுறையோ பயன்படுத்த வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குழந்தைகளிடம் பாட்டிலைக் கொடுக்கக் கூடாது.

கூண்டோ ஈயோ கிடைத்தால் அதைச் சிறு புட்டியில் போட்டு, கிடைத்த ஊர், நாள், வயலா குளமா என்பதைச் சீட்டில் எழுதி, வட்டார வேளாண்மை அலுவலகம் வழியாகக் கிள்ளிகுளம் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரியின் பூச்சியியல் துறைக்குக் காட்டலாம். படம் மட்டும் இருந்தாலும் பயன் உண்டு.

ஈ தங்க என்ன செய்ய வேண்டும்?

இந்த ஈயின் வீடு வரப்புப் புல். வரப்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்று களைக்கொல்லி அடித்துச் சிவக்க வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்தால் முட்டை இட இலை இல்லை, உட்காரத் தாள் இல்லை. நத்தையோ சேற்றுக்குள் இருந்து தப்பித்துக்கொள்ளும். அடுத்த தண்ணீருக்கு நத்தை மட்டும் திரும்பி வரும்.

வரப்புகளில் ஒன்றிரண்டையாவது, முக்கியமாக மடை வாயையும் தாழ்ந்த மூலையையும் ஒட்டிய பகுதியை, மருந்து படாமல் விட வேண்டும். புல் உயர்ந்தால் அரிவாளால் ஒரு சாண் விட்டு அறுக்கலாம். எலி வளை வைக்கும் என்ற பயம் இருந்தால் மற்ற வரப்புகளைச் செதுக்கிக்கொண்டு, ஈரமான அந்த ஒரு பக்கத்தை மட்டும் விட்டாலும் போதும். பூச்சிக்கொல்லி தெளிக்க வேண்டி வந்தால் பொருளாதாரச் சேத நிலை பார்த்து, தேவையான வயலில் மட்டும் தெளிக்க வேண்டும். நத்தையைக் கொல்ல மயில்துத்தத்தைக் குளத்திலும் வாய்க்காலிலும் கொட்டுவது கூடாது. மீனும் ஈயின் புழுவும் சேர்ந்தே போய்விடும்.

அதே நேரத்தில் ஈ மட்டும் மாட்டைக் காப்பாற்றிவிடாது. இரை தின்பது எதுவும் தன் இரையை முழுதாக அழிப்பதில்லை. நத்தை குறையும், ஒழியாது. ஆகவே மற்ற வேலைகளையும் சேர்த்துச் செய்ய வேண்டும். சாணத்தை வாய்க்கால் ஓரத்தில் குவிக்காமல், மேட்டில் குழி எடுத்து மக்க வைக்க வேண்டும். நன்றாக மக்கும்போது எழும் சூட்டில் புழு முட்டை செத்துவிடும். மாட்டைக் குளத்து ஓரத்துச் சதுப்புப் புல்லில் மேயவிடாமல் மேட்டுப் புல்லில் மேய்க்க வேண்டும். அறுவடை ஈரம் காயாத வைக்கோலின் அடிப்பகுதியில் புழுக் கூடுகள் ஒட்டியிருக்கலாம். நன்றாக வெயிலில் உலர்த்திய பிறகே போட வேண்டும். தொட்டியில் கிணற்றுத் தண்ணீர் வைப்பது குளத்துத் தண்ணீரைவிட நல்லது. வாத்து மேய விடுகிறவர்களுக்கு நத்தை குறைவது கண்கூடு.

தாடை வீங்கிய மாடு, குறட்டை விடும் மாடு, காரணமின்றி மெலியும் ஆடு இருந்தால் சாணத்தையும் மூக்குச் சளியையும் கால்நடை மருந்தகத்தில் பரிசோதித்து, மருத்துவர் சொல்லும் மருந்தை, எடை பார்த்துக் கொடுக்க வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் பொதுவான குடற்புழு மருந்து எல்லாமே தட்டைப்புழுவுக்கு வேலை செய்வதில்லை. மருந்து வீணாவதோடு நாளும் வீணாகும். ஈரல் கெட்டபின் மாட்டைத் தேற்றுவது கடினம்.

ஆப்பிரிக்க நத்தைக்கு இது பரிகாரம் அல்ல

வாழை, பப்பாளி, காய்கறித் தோட்டங்களில் இரவில் படையெடுக்கும், உள்ளங்கை அளவுள்ள ஆப்பிரிக்க நத்தைக்கும் இந்த ஈ உதவுமா என்று கேட்பவர்கள் உண்டு. தண்ணீரில் வாழும் சிறு நத்தைக்கான ஈ அது. தோட்டத்து ராட்சத நத்தையை அதனால் கட்டுப்படுத்த முடியாது.

அந்த நத்தை நம் நாட்டுக்கு வந்த கதையே ஒரு பாடம். 1847-ல் வில்லியம் பென்சன் என்ற ஆங்கிலேயர் மொரீஷியஸிலிருந்து சில நத்தைகளைக் கொண்டுவந்து கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விட்டார். இன்று நாட்டின் பல பகுதிகளில் அது பயிரைத் தின்கிறது. அதை ஒழிக்க ஹவாயில் 1955-ல் இன்னொரு நத்தையை, நத்தையைத் தின்னும் நத்தையை, அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலிருந்து கொண்டுவந்தார்கள். அது ராட்சத நத்தையை விட்டுவிட்டு, அந்தத் தீவுகளில் மட்டுமே வாழ்ந்த அழகான மர நத்தைகளைத் தின்று, அவற்றில் பல இனங்கள் அழியக் காரணமாகிவிட்டது. வெளியூர் உயிரைக் கொண்டுவந்து விடுவதில் இருக்கும் ஆபத்து இதுதான். எங்கோ இணையத்தில் ஈ விற்கிறார்கள் என்று கேட்டு யாரும் வாங்கிவிடக் கூடாது. வெளிநாட்டு உயிரினங்களை அனுமதியின்றிக் கொண்டுவருவது சட்டப்படியும் குற்றம்.

தோட்டத்து நத்தைக்கு, மாலையில் ஈரச் சாக்கை விரித்து, அதனடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ வைத்து, காலையில் ஒதுங்கியிருக்கும் நத்தைகளைக் கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புத் தண்ணீரில் போட்டுக் கொல்வதே நம்பகமான வழி. பக்கத்துத் தோட்டக்காரர்களும் அதே வாரத்தில் சேர்ந்து செய்தால் பலன் அதிகம். அந்த நத்தையையும் தின்னும் புழு ஒன்று உண்டு. அது மின்மினியின் புழு. இலங்கையில் இதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள். மலையடிவாரத் தோட்டங்களில் ஈரச் சருகுக்கு அடியில் பின்நுனி மினுங்கும் தட்டையான புழுவைக் கண்டால், அட்டை என்று நினைத்து மிதித்துவிட வேண்டாம்.

இந்தச் சாரலிலேயே தொடங்கலாம்

அட்டை கட்டுவது போலவோ மருந்து தெளிப்பது போலவோ ஒரே நாளில் முடியும் வேலை அல்ல இது. வாரத்துக்கு ஒரு காலை, அதே மூலையில், அதே வரப்பில் பார்க்க வேண்டும். ஒரு நோட்டில் மூன்று எண்கள் எழுதினால் போதும்: ஒரு முறை தட்டில் அள்ளியதில் எத்தனை லிம்னியா, எத்தனை தட்டை நத்தை, கால் மணி நேரத்தில் கண்ணில் பட்ட ஈ எத்தனை. களைக்கொல்லி அடித்த வரப்பையும் அடிக்காத வரப்பையும் இப்படி ஒரு பூவில் ஒப்பிட்டுப் பார்த்தால், யாரும் சொல்லாமலே விஷயம் விளங்கிவிடும்.

பள்ளி விடுமுறையில் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு ஈயைப் படம் எடுக்கச் சொல்லலாம். அவர்கள் கண்ணுக்குச் சீக்கிரம் அகப்படும். எடுத்த படத்தை ஊர்ப் பெயர், தேதியோடு கேள்வி-பதில் பகுதிக்கு அனுப்பினால், அது நத்தை தின்னும் ஈதானா என்று அடுத்தடுத்த இதழ்களில் சொல்லப்படும். படம் வரும் வரை, தாழ்ந்த மூலையை ஒட்டிய அந்த ஒரு வரப்பில் மட்டும் களைக்கொல்லி அடிக்காமல் இருந்தால் நல்லது.